கிரிவலப் பாதையில் மான் பார்க்க

மான் பார்க்க முதுமலை வரை போக வேண்டியதில்லை; திருவண்ணாமலை காப்புக்காட்டிலேயே புள்ளிமான்கள் உண்டு. 14 கி.மீ. கிரிவலப் பாதையில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். வெயில் ஏறினால் மான்கள் புதருக்குள் ஒதுங்கிவிடும். பௌர்ணமியைத் தவிருங்கள், அன்றைய கூட்டத்தில் அவை எட்டிக்கூடப் பார்க்காது.

முக்கியமாக, பிஸ்கட்டோ வாழைப்பழமோ நீட்டாதீர்கள். வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பது புண்ணியம்தானே என்பார்கள். ஆனால் தீனிக்குப் பழகிய மான் சாலைக்கே வந்துவிடும். வண்டியில் அடிபடும், தெருநாய்களிடம் சிக்கும். காட்டில் அதற்குத் தழையும் புல்லும் இருக்கின்றன. தின்பண்ட உறைகளை வீசாமல் பையிலேயே வையுங்கள். உப்பு ருசிக்கு மான் உறையோடு விழுங்கும், பிளாஸ்டிக் இரைப்பையை அடைத்துவிடும். செல்ஃபிக்காக வேலி தாண்டாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம்.