படிகத்தின் உள்ளொழுங்கு

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் ஒரு படிகத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறிய இயலுமா? மெல்லிய இழையில் தொங்கும் படிகத்தின் திருப்பத்தைக் கொண்டே அவ்வடுக்கை அளந்தறிந்தார் ஒரு தமிழர். அவ்வரலாற்றை இப்பாடம் உரைக்கிறது.

மதுரையும் படிக ஆய்வும்

மதுரையின் மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. அங்குள்ள நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில் அமைந்தது, 1966இல் தொடங்கப்பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அதன் இயற்பியல் புலத்தில் எக்ஸ் கதிர்களின் துணையால் பல படிகங்களின் அமைப்பு ஆராயப்பட்டுள்ளது. இத்துறையோடு மதுரைக்குப் பழைய உறவும் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர்.

மயில்துத்தம் உணர்த்துவது

மயில்துத்தம் என வழங்கும் காப்பர் சல்பேட் படிகம் நீலநிறமுடையது. சூடேற்றினால் அதிலுள்ள நீர் நீங்கி வெண்பொடியாகும். நீர் சேர்த்தால் மீண்டும் நீலமாகும். ஆகவே, நிறம் தாமிர அயனியை மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்திருப்பவற்றையும் பொறுத்தது. தாமிரம் போன்ற இடைநிலை உலோகங்களைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறுகளும் அயனிகளும் ஈனிகள் எனப்படும். இவ்வாறு உருவாவது அணைவு ஆகும்.

இப்படிகத்தின் அமைப்பை 1934இல் பீவர்ஸ், லிப்சன் ஆகியோர் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தனர். ஒவ்வொரு தாமிர அயனியைச் சுற்றியும் நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாக அமைகின்றன. மேலும் கீழும் சற்றுத் தொலைவில் சல்பேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் நிற்கின்றன. ஐந்தாவது நீர் மூலக்கூறு தாமிரத்தோடு பிணையாமல், ஹைட்ரஜன் பிணைப்பால் இடையே தங்குகிறது.

இழையில் தொங்கிய படிகம்

படிகங்கள் பலவற்றின் காந்தப்பண்பு திசைக்குத் திசை வேறுபடும். கிருஷ்ணன் சிறு படிகத்தை நுண்ணிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினார். படிகம் தன் நிலையிலிருந்து சிறிது சிறிதாக விலகி, 45 பாகையை எட்டியதும் சட்டெனப் புரண்டது. அதுவரை இழைக்குத் தரப்பட்ட முறுக்கின் அளவே, காந்தப்பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டியது.

அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் தட்டையான மூலக்கூறு. அத்தட்டைத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் அதன் காந்தப்பண்பு மிகுதி. எனவே, படிகத்தின் காந்தப்பண்பை அளந்தால் அதனுள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என உய்த்துணரலாம்.

மயில்துத்தத்தின் அலகுக்கூட்டில் இரு தாமிர அயனிகள் உள்ளன. அவற்றின் சதுரங்கள் வெவ்வேறு திசையில் சாய்ந்திருப்பதால், படிகம் காட்டுவது அவ்விரண்டின் கூட்டு விளைவே. கிருஷ்ணனும் முகர்ஜியும் 1936இல் அதனைப் படிக அமைப்போடு பொருத்தி ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர் அணுக்களின் இடத்தைக் கூறியது. காந்தம் அணைவின் சாய்வுக்குச் சான்று பகர்ந்தது. ஒரு முறையின் முடிவை மற்றொரு முறையால் சோதித்துத் தெளிவதே அறிவியல் நெறி. எளிய கருவியாயினும், அளவீடு துல்லியமானால் அரிய உண்மை வெளிப்படும் என்பதற்கு அவ்விழையே சான்று.

தெரிந்து தெளிவோம்

அணைவுச் சேர்மங்களுக்கான கொள்கையை 1893இல் வெளியிட்ட ஆல்பிரட் வெர்னர், 1913இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கற்பவை கற்றபின்

1. மயில்துத்தத்தின் நிறமாற்றத்தை ஆசிரியர் துணையுடன் ஆய்வகத்தில் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. ‘காணாததை அளவீட்டால் அறிதல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.