ஊசி குத்தினால் மறைக்க வேண்டாம்

உங்கள் வீட்டில் ஒருவர் தாதியாகவோ, மருத்துவ மாதாகவோ, வைத்தியசாலைச் சிற்றூழியராகவோ பணிபுரியக்கூடும். நோயாளிக்குப் போட்ட ஊசி அவர் விரலிற் குத்திவிட்டால் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? பலர் விரலைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். ‘கவனமில்லாதவள்’ என்று ஏச்சு வாங்க நேருமே என்ற பயம். வீட்டிலும் வாய் திறப்பதில்லை. இதனால் வீணாவது பொன்னான நேரம்.

இரத்தத்தினாற் பரவும் நோய்களுள் எயிட்ஸுக்கே நம்மவர் பெரிதும் அஞ்சுகின்றனர். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேருக்குக் குத்தினால், ஏறக்குறைய 3 பேருக்கே அது தொற்றும். ஈரல் அழற்சி ‘பி’யோ, தடுப்பூசி பெறாதவர்களில் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றக்கூடியது. உலர்ந்த இரத்தத்திலும் அக்கிருமி 7 நாட்களாவது வீரியம் குன்றாதிருக்கும்.

இந்த ‘பி’ வகைக்கு நல்ல தடுப்பூசி உண்டு. முதல் ஊசியின் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இலங்கையில் குழந்தைகளுக்கு இது 2003இல்தான் ஆரம்பமாயிற்று. அதற்கு முன் பிறந்த ஊழியர் தாமே கேட்டுப் பெறவேண்டும். இரண்டோடு நிறுத்தியவர் (இவர்களே அதிகம் போலும்!) மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, மூன்றாவதைப் போட்டாற் போதும்.

பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போட முயல்வது கூடாது. ஊசி துளைக்காத கெட்டிப் பெட்டியில் உடனே போட்டுவிட வேண்டும். குப்பைப் பையினுள் எறிந்தால், அதைத் தூக்கிச் செல்லும் ஏழைச் சிற்றூழியரின் காலிலே குத்தும். யாருடைய இரத்தம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

குத்திவிட்டதா? சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவுக. பிதுக்குவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கண்ணிற் தெறித்தால் சுத்தமான நீரால் நன்கு அலசுக. பின்னர் தாமதமின்றிப் பொறுப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளைச் சில மணி நேரத்துள், பிந்தினாலும் 72 மணி நேரத்துள் ஆரம்பித்து, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். ஈரல் அழற்சி ‘சி’க்கு முற்காப்பு மருந்து இல்லை, ஆயினும் இரத்தப் பரிசோதனையிற் கண்டுபிடித்தால், இன்று பெரும்பாலும் மாத்திரைகளாலேயே குணப்படுத்தலாம்.

பரிசோதனை முடியும்வரை அவரை வீட்டில் ஒதுக்காதீர்கள். ஒன்றாக உண்பதாலோ, பிள்ளையைத் தூக்குவதாலோ இந்நோய்கள் தொற்றமாட்டா. சவர அலகை மட்டும் பகிர வேண்டாம். தாம்பத்திய உறவு பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.