பணம் கட்டிய பின் எந்தப் பக்கம்?

கேள்வி: வூகாமர்ஸ் கடையில், வாங்கிய பொருளுக்கேற்ப வாடிக்கையாளரை வெவ்வேறு பக்கங்களுக்கு அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். ஆர்டர் முடிந்ததும் வூகாமர்ஸ் எல்லோரையும் ஒரே நன்றிப் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். இதை மாற்றும் பிளக்இன்களில் பொருள், பொருள் வகை, மொத்தத் தொகை, பணம் செலுத்தும் முறை போன்றவற்றை நிபந்தனையாக வைத்து விதிகள் அமைக்கலாம். எடுத்துக்காட்டாக, தையல் வகுப்பு வாங்கியவர் பாடப் பக்கத்துக்கும், துணி வாங்கியவர் துவைக்கும் முறை சொல்லும் பக்கத்துக்கும் போவார். ஒரே கூடையில் இரண்டும் இருந்தால் எந்த விதி முந்தும் என்பதைப் பெரும்பாலும் வரிசையே தீர்மானிக்கும். குறிப்பான விதி மேலேயும் பொதுவிதி கீழேயும் இருப்பது நல்லது. எதுவும் பொருந்தாதவருக்கு வழக்கமான நன்றிப் பக்கமே போதும். பணம் போய்ச்சேராத ஆர்டரை மட்டும் திருப்பிவிடக் கூடாது. மறுபடி பணம் கட்டும் பொத்தான் நன்றிப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதுப் பக்கத்திலும் ஆர்டர் எண் தெரிய வேண்டும்.