எலும்பின் வலிமையும் அன்றாட உணவும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய இத்தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வந்தன. சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு உறுதியான எலும்பே மூலதனம். தோட்டத் தொழில் நலிவுறும்போது வருவாய் குன்றிய இல்லங்களில் உணவும் சுருங்குகிறது. நடுவயதுப் பெண்களுக்கு இதனால் விளையும் கேடு பெரிது.

காரணம் யாது? எலும்பு ஓயாது கரைந்தும் புதிதாக உருவாகியும் வரும் உயிர்ப்பொருளாகும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைகிறது. அதனால் எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகம் மிகுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பில் தீங்கு பயக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகுவதும், அவை கரைக்கும் செல்களைத் தூண்டுவதும் விலங்குகளில் நிகழ்ந்த ஆய்வுகளால் புலனாயின.

இம்மூலக்கூறுகளை அடக்குவனவே ஆக்ஸிகரண எதிர்ப்பொருள்கள். வைட்டமின் சி, வைட்டமின் இ, காய்கனிகளின் நிறப்பொருள்கள், தேயிலையின் பாலிபீனால்கள் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. எலும்பின் அடித்தளமான கொலாஜன் புரதம் உருவாகவும் வைட்டமின் சி இன்றியமையாதது. நடுத்தர அளவுள்ள ஒரு நெல்லிக்கனியே ஒரு நாளைத் தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்யவல்லது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. விலங்குகளில் கண்ட பயன் மனிதரிடம் அதே அளவில் இன்னும் உறுதிப்படவில்லை. எதிர்ப்பொருள்கள் துணை புரியுமேயன்றிக் கால்சியத்துக்கு மாற்றாகா. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பால், முருங்கைக்கீரை, சிறுமீன் ஆகியவை எஞ்சியதை ஈடுசெய்யும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதனைத் தரவல்லது வெயில். உடலுழைப்பும் எலும்பை உறுதியாக்கும். தேநீரை உணவோடு அருந்தாது இடைவேளையில் அருந்துதல் நன்று. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

இளமையிலேயே மாதவிடாய் நின்றவர்களும், சிறு வீழ்ச்சியிலேயே எலும்பு முறிந்தவர்களும் எலும்படர்த்திச் சோதனையும் மருத்துவ ஆலோசனையும் பெறவேண்டும்.

இல்லத்தின் புறக்கடையில் ஒரு முருங்கை, ஒரு நெல்லி, அடுக்களையில் கேழ்வரகு. இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. தோட்டப் பகுதிகளில் பணியாற்றும் நல அலுவலர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கருவுற்ற தாய்மாரைக் கவனிப்பது போன்றே நடுவயதுப் பெண்களையும் கவனித்தல் கடமையாகும். இன்று காக்கப்படும் எலும்பே நாளை அவர்கள் பிறர் உதவியின்றி நடமாட உதவும்.