ஐபோனா, ஆண்ட்ராய்டா? வாங்கறதுக்கு முன்னாடி அக்காவை ஒரு வார்த்தை கேளு!

முதல் சம்பளம் அக்கவுன்ட்ல விழுந்ததும் நம்ம வீட்டுப் பொண்ணுங்க கேக்கற கேள்வி இப்பல்லாம் இதுதான்: "அக்கா, ஐபோன் போகட்டுமா, ஆண்ட்ராய்டே போதுமா?" அம்பத்தூர் எஸ்டேட்ல வேலைக்குச் சேர்ந்த சித்தி பொண்ணு கேட்டா, எதிர் ஃப்ளாட் பொண்ணும் கேட்டா. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா சொல்லிக்கிட்டிருந்ததை மொத்தமா இங்க எழுதிடறேன்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். உன் வீட்டுல மத்தவங்க கையில எது இருக்கு, மாசக் கடைசியில உன் கையில எவ்வளவு மிஞ்சுது, இந்த ரெண்டையும் பார்த்து முடிவு பண்ணு. கேமரா, கலர் எல்லாம் அதுக்கு அப்புறம். யூடியூப்ல ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சு வேகம் அளக்கறவங்க யாரும் உங்க அப்பாவோட பேங்க் ஓ.டி.பி.யைப் பத்திப் பேசறதில்ல.

"நம்ம ஊர்லயே செய்யறாங்களே, விலை குறையாதா?"

குறையாது. சென்னையில நம்ம பாடியிலேர்ந்து பூந்தமல்லி தாண்டிப் போனா ஸ்ரீபெரும்புதூர். அங்க ஃபாக்ஸ்கான் ஆலையில 2019-ல ஐபோன் எக்ஸ்.ஆர். செய்ய ஆரம்பிச்சாங்க, 2024-ல 16 ப்ரோ வரைக்கும் வந்தாச்சு. ஆனா ஐபோன் 16 அறிமுக விலை 79,900 ரூபா. 2025-ல 17 வந்தப்ப 82,900. போனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேற அதுக்குள்ளயே இருக்கு. பக்கத்துல செய்யறதால நமக்குக் கிடைச்சது வேலைதான். அந்த லைன்ல நிக்கறவங்க பெரும்பாலும் உன் வயசுப் பொண்ணுங்க. 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம அவங்கள்ல நிறைய பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, மத்தவங்க நெடுஞ்சாலையில உக்காந்தாங்க. அப்பதான் அவங்க எப்படி இருக்காங்கன்னே ஊருக்குத் தெரிஞ்சுது. போன் பெட்டியைப் பிரிக்கறப்ப அதையும் கொஞ்சம் நினைச்சுக்கோ.

அடுத்தது, போனுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்ங்கற கணக்கு. அந்த எக்ஸ்.ஆர். மாடலையே எடுத்துக்கோ. 2018-ல உலகச் சந்தைக்கு வந்த போன். 2024-ல வந்த ஐ.ஓ.எஸ். 18 வரைக்கும் அதுக்குக் கிடைச்சுது, 2025-ல வந்த ஐ.ஓ.எஸ். 26 கிடைக்கல. ஆண்ட்ராய்டு பக்கம் முன்னெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல கைகழுவிடுவாங்க. இப்ப பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசையிலேர்ந்து ஏழு வருஷம் அப்டேட் தர்றதா வாக்கு கொடுத்திருக்காங்க. ஆனா அது விலை கூடின போனுக்கு. நீ பார்க்கற மாடலுக்கு எந்த வருஷம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்னு கடையில கேளு, அவங்க முழிச்சா கம்பெனி சைட்ல பாரு. லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியான்னு வண்டி பார்ட்ஸ் செய்யற கம்பெனிகளைச் சுத்தி வளர்ந்த ஊரு நம்ம பாடி. வண்டி எடுக்கறப்ப "ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும்"னு நம்ம அப்பாங்க கேப்பாங்களே, அதே கேள்விதான் இது.

5,000 ரூபாய்க்கு மேல போகாத நாள்

இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். போன் மாத்தினா யு.பி.ஐ.யைத் திரும்பப் பதிவு பண்ணணும். பண்ணின உடனே பழைய மாதிரி பெரிய தொகை அனுப்ப முடியாது. பாதுகாப்புக்காகக் கொஞ்ச நேரம் 5,000 ரூபாயோட நிறுத்தி வெச்சிருப்பாங்க. ஆண்ட்ராய்டுன்னா அது 24 மணி நேரம், ஐபோன்னா பல பேங்க்ல 72 மணி நேரம்.

அதனால ஆடித் தள்ளுபடிக்குக் குடும்பத்தோட சரவணா ஸ்டோர்ஸ் கிளம்பற வாரத்துல போன் மாத்தாதே. கை நிறைய பை, பில் 18,000, பின்னாடி நீள வரிசை, உன் போன்ல 5,000-க்கு மேல போகாது! வாடகை, சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கட்டி முடிச்ச மறுநாள்தான் போன் மாத்தறதுக்கு நல்ல நாள். அந்த மூணு நாளும் டெபிட் கார்டு பர்ஸ்ல இருக்கட்டும்.

பதிவு பண்றப்ப இன்னொண்ணு. பேங்க்ல கொடுத்திருக்கற நம்பரோட சிம் புது போன்ல இருக்கணும், எஸ்.எம்.எஸ். போற அளவுக்கு ரீசார்ஜும் இருக்கணும். ஆண்ட்ராய்டுல நீ அனுமதி கொடுத்தா ஆப்பே அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பிக்கும். ஐபோன் எந்த ஆப்பையும் தானா அனுப்ப விடாது. மெசேஜ் பெட்டி திறந்து, புரியாத எழுத்தா ஒரு வரி நிக்கும். அதுல கை வைக்காம அப்படியே அனுப்பு. ரெண்டு சிம் இருந்தா சரியான சிம்லேர்ந்துதான் போகுதான்னு பாரு. பாதிப் பேருக்குப் பதிவு ஆகாம சுத்தறதுக்குக் காரணம் இதுதான்.

வாட்ஸப் போச்சுன்னா அழுகைதான்

ஆண்ட்ராய்டுலேர்ந்து ஐபோனுக்குப் போறேன்னா, கூகுள் ட்ரைவ்ல இருக்கற வாட்ஸப் பேக்கப் அங்க உதவாது. பழைய போன்ல "மூவ் டு ஐ.ஓ.எஸ்."னு ஒரு ஆப் போட்டுக்கணும். 2022-லேர்ந்து அது வழியா வாட்ஸப் சாட்டும் போகுது. ஆனா புது ஐபோன் முதல் முதலா "ஹலோ" காட்டற நிலையில இருக்கறப்பவே இதை ஆரம்பிச்சாகணும். கடைப் பையன் ஆர்வத்துல எல்லாத்தையும் செட் பண்ணிக் கொடுத்துட்டா, அழிச்சுட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்கணும். அதனால கடையில, "ஆன் ஆகுதான்னு மட்டும் காட்டுங்கண்ணா, செட்டிங் நான் வீட்ல பண்ணிக்கறேன்"னு சொல்லிடு. வீட்டுல ரெண்டு போனையும் சார்ஜர்ல போட்டு, ஒரே வைஃபைல இணைச்சு, வேற வேலை இல்லாத ராத்திரியா பார்த்து உக்காரு.

போட்டோ கணக்கும் உண்டு. கூகுள்ல 15 ஜி.பி. இலவசம், ஐகிளவுட்ல 5 ஜி.பி.தான். அக்கா பையன் பிறந்தநாள் வீடியோ ரெண்டு எடுத்தாலே அது நிறைஞ்சுடும். அப்புறம் 50 ஜி.பி.க்கு மாசம் 75 ரூபான்னு கட்ட ஆரம்பிப்பே. பெரிய தொகை இல்லதான், ஆனா அதையும் போன் விலையோட சேர்த்துப் பாரு. ஐபோன் பெட்டிக்குள்ள சார்ஜர் அடாப்டர் இருக்காது. ஐபோன் 15-லேர்ந்து டைப்-சி வந்துட்டதால வீட்டுல இருக்கற ஆண்ட்ராய்டு சார்ஜரே போதும், புதுசு வாங்காதே.

அப்பா அம்மாவுக்கு எது?

இங்க எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. வாட்ஸப்ல "கல்யாணப் பத்திரிகை"ன்னு ஒரு ஃபைல் வரும். "டிராஃபிக் சலான்"னு வரும். பேர் முடியற இடத்துல ஏ.பி.கே.ன்னு இருக்கும். அதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணி, கேக்கற அனுமதியெல்லாம் கொடுத்தா, போன்ல வர்ற ஓ.டி.பி. வேற எவனுக்கோ போகும். இந்த ஏ.பி.கே. ஆண்ட்ராய்டுலதான் ஓடும், ஐபோன்ல ஓடாது. வர்ற ஃபைலையெல்லாம் திறந்து பார்க்கற அப்பாவா இருந்து, பணமும் இருந்தா, ஐபோனோட அந்தப் பிடிவாதம் நல்லதுதான்.

அதுக்காக ஓடிப்போய் வாங்கணும்னு இல்ல. அப்பாவோட ஆண்ட்ராய்டை இன்னிக்கே கையில வாங்கு. செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்"னு தேடி, வாட்ஸப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இருந்தா அணைச்சுடு. பிளே ஸ்டோர்ல பிளே ப்ரொடெக்ட் ஆன்ல இருக்கான்னு பாரு. அஞ்சு நிமிஷ வேலை. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அடிக்கணும், அந்த நம்பரை அவங்க போன்லயே சேவ் பண்ணி வை.

அம்மாவுக்கு வேற பிரச்சினை. அவங்க டைப் பண்றதில்ல, மைக்கை அழுத்திப் பேசறாங்க. ஐபோன்ல 2013-லேர்ந்தே தமிழ்99, அஞ்சல்னு ரெண்டு தமிழ் கீபோர்டு இருக்கு. கூகுளோட ஜிபோர்டு ரெண்டு பக்கமும் கிடைக்குது. ஆனா பேசினா எழுதறது எதுல நல்லா வருதுங்கறதை அம்மா வாயாலதான் சோதிக்கணும். கடைக்குக் கூட்டிட்டுப் போய், "கொரட்டூர் மார்க்கெட்ல அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வா"ன்னு ரெண்டு போன்லயும் பேசச் சொல்லு. எது சரியா எழுதுதோ அதுவே அவங்க போன். எழுத்தைப் பெருசாக்கி, அவங்க கண்ணாடி இல்லாமப் படிக்க முடியுதான்னும் பார்த்துடு.

ரெண்டு நம்பர் வெச்சிருக்கற வீடா? பல ஆண்ட்ராய்டுல ரெண்டு சிம் கார்டு போடலாம். இங்க விக்கற ஐபோன்ல பெரும்பாலும் ஒரு சிம் கார்டு, இன்னொண்ணு இ-சிம். போன் ரிப்பேருக்குப் போனா இ-சிம்மைக் கழட்டிப் பழைய நோக்கியாவுல சொருக முடியாது, அவ்வளவுதான்.

மூணாவதா ஒண்ணு கிடையாதான்னு கேட்டா, இப்போதைக்குக் கிடையாது. சிம்பியன் போச்சு, விண்டோஸ் போன் போச்சு, பிளாக்பெரியோட பழைய போன்களுக்கு 2022 ஜனவரியோட சேவை நின்னுடுச்சு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையே 2006-ல ஆரம்பிச்சு 2014-ல மூடியாச்சு. சென்னை ஐ.ஐ.டி.யில வளர்ந்த ஒரு கம்பெனி 2023-ல பார்ஓஎஸ்னு ஒண்ணைக் காட்டுச்சு. அதுவும் ஆண்ட்ராய்டோட திறந்த மூலத்து மேலதான் நிக்குது, கடையில நீ வாங்கற போன்ல அது வர்றதில்ல.

செகண்ட் ஹேண்ட், இ.எம்.ஐ.

ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார்னு பழைய ஐபோன் தேடிப் போறவங்களுக்கு. முதல்ல *#06# அடி, ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். கே-ஒய்-எம்னு மூணு இங்கிலீஷ் எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த நம்பர், இப்படி டைப் பண்ணி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பு. அந்த நம்பர் எந்த மாடல், பிளாக் ஆனதா எல்லாம் தெரியும். அடுத்தது, விக்கறவரோட ஆப்பிள் கணக்கு அதுல இருக்கவே கூடாது. உன் கண் முன்னாடி அவர் கணக்கை நீக்கி, போனை அழிச்சு, திரும்ப ஆன் பண்ணிக் காட்டணும். "வீட்டுக்குப் போய்ப் பாஸ்வேர்டு அனுப்பறேன்"னா எழுந்து வந்துடு. ஆண்ட்ராய்டுலயும் கூகுள் கணக்குப் பூட்டு இதே மாதிரிதான். ஐபோன்ல பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா, பேட்டரி மாத்தற செலவைக் கழிச்சுட்டு விலை பேசு.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ."ங்கறாங்களே, அதுல வட்டி இல்லாம இல்ல. அந்த வட்டி அளவுக்குத் தள்ளுபடின்னு ஒண்ணைக் காட்டிச் சரிக்கட்டறாங்க. வட்டிக்கான ஜி.எஸ்.டி., பிராசஸிங் ஃபீஸ் உன் தலையிலதான். மொத்தமா காசு கொடுத்தா என்ன விலைன்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம் இ.எம்.ஐ. பேச்சை எடு.

வாங்கின அன்னிக்கே பில்லையும் பெட்டி மேல இருக்கற ஐ.எம்.இ.ஐ. நம்பரையும் போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வை. குருப் பெயர்ச்சி அன்னிக்கு நம்ம பாடி வலிதாயநாதர் கோயில் கூட்டத்துல போன் போச்சுன்னா, போலீஸ்ல புகார் கொடுத்து, டூப்ளிகேட் சிம் வாங்கி, சஞ்சார் சாத்தி தளத்துல போனை பிளாக் பண்ண அந்த நம்பர் வேணும். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, வழி ஒண்ணுதான்.

கடைசியா என் ஓட்டு. பட்ஜெட் 30,000-க்குள்ளன்னா ஆண்ட்ராய்டுல புதுசு வாங்கு, அந்தப் பணத்துக்கு அரதப்பழசு ஐபோன் தேடாதே. வீட்டுல ரெண்டு பேர் ஏற்கெனவே ஐபோன் வெச்சிருந்து, மாசத் தவணை உன் சம்பளத்துல பத்துல ஒரு பங்கைத் தாண்டலைன்னா, தாராளமா ஐபோன் எடு. தாண்டுச்சுன்னா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் விடு.