வாடகை வீட்டுச் சமையலறையில் பழைய வயரிங்: யார் மாற்றணும், எப்படிக் கேட்கணும்?

மிக்ஸி போட்டால் லைட் மங்குது. இண்டக்‌ஷன் அடுப்பை ஆன் பண்ணினால் ஸ்விட்ச் போர்டு சூடாகுது. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டால் சுருக்குன்னு இழுக்குது. பழைய ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். "நம்ம சொந்த வீடா என்ன, அடுத்த வருஷம் காலி பண்ணிடுவோம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தீப்பிடிப்பதற்கும் ஷாக் அடிப்பதற்கும் வாடகைக்காரர், சொந்தக்காரர் என்ற வித்தியாசம் தெரியாது. என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

எந்தச் சாதனத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள வாட்ஸை 230 ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர். 1500 வாட்ஸ் கெட்டில் 6.5 ஆம்பியர். 750 வாட்ஸ் மிக்ஸி 3 ஆம்பியருக்கு மேல். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 18 ஆம்பியரைத் தாண்டும்.

பழைய சமையலறைகள் மிக்ஸி, கிரைண்டர், ஒரு லைட் என்ற அளவுக்கே வயரிங் செய்யப்பட்டவை. பல இடங்களில் எல்லா பாயிண்டுக்கும் ஒரே வயர்தான் போகும். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது. கன்வெர்ட்டர் மாட்டிச் சின்ன பாயிண்டில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால், அளவை மீறிய சுமை அந்த வயரில் ஏறுகிறது. இன்று 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் போடுவது வழக்கம். சுவருக்குள் இருப்பது பழைய மெல்லிய வயரா, அலுமினிய வயரா என்பது போர்டைத் திறந்தால்தான் தெரியும். அதை எலக்ட்ரீஷியன் திறக்கட்டும், நீங்கள் திறக்க வேண்டாம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

• பிளக் பாயிண்ட் கருகியோ உருகியோ இருப்பது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருவது
• பிளக் தளர்ந்து ஆடுவது, செருகும்போது பொறி பறப்பது
• ஃபிரிட்ஜ், கிரைண்டர், குழாய் எதைத் தொட்டாலும் லேசாக ஷாக் அடிப்பது
• ஃபியூஸ் அடிக்கடி போவது, எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆவது

கடைசி விஷயத்தில் பலர் செய்யும் வேலை, தடிமனான ஃபியூஸ் வயரைக் கட்டுவது அல்லது பெரிய எம்.சி.பி. மாட்டுவது. அது ஆபத்து. ஃபியூஸ் போக வேண்டிய நேரத்தில் போகாது. சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும்.

அதேபோல், எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்பதும் தவறு. அது வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

உரிமையாளர் பொறுப்பு: வீட்டின் உள், வெளி மின் வயரிங், அது தொடர்பான பராமரிப்பு.
வாடகைதாரர் பொறுப்பு: ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் பழுதுகள்.

சுருக்கமாக, சாக்கெட் உடைந்தால் நீங்கள் மாற்றுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் வயர் தேய்ந்திருந்தால் ஓனர் மாற்ற வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இதுபற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் வரையிலான பழுது என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 க்கு எந்த நேரமும் பேசலாம்.

ஓனரிடம் எப்படிக் கேட்பது?

1. கருகிய இடம், பழைய ஃபியூஸ் போர்டு ஆகியவற்றைத் தேதி தெரிய போட்டோ எடுங்கள். ட்ரிப் ஆகும் நாளையும் நேரத்தையும் போனில் குறித்து வையுங்கள்.

2. தகுதிச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து, என்ன பழுது, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எர்த் இல்லாத பாயிண்டில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

3. போனில் பேசினாலும், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள். இப்படி:

"வணக்கம் சார். கிச்சன் பிளக் பாயிண்ட் இரண்டு முறை கருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, உள்ளே வயர் பழுது, எர்த் இல்லை என்கிறார். போட்டோவும் எஸ்டிமேட்டும் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலையை ஆரம்பிக்க முடியுமா, சார்?"

4. உரிமையாளர் தன் பொறுப்பில் உள்ள பழுதைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் வாடகையின் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. கழிக்கப்போவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பேச்சு முறிந்தால், மாவட்ட ஆட்சியர் நியமித்துள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் ஆகியிருந்தால் உங்கள் மனுவுக்கு வலு கூடும்.

வேலை முடியும்வரை

இண்டக்‌ஷன், கெட்டில், மைக்ரோவேவ் இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இவற்றை மாட்ட வேண்டாம். கருகிய பாயிண்டை டேப் ஒட்டி மூடுங்கள், திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் மெயினை அணையுங்கள், வெளியே வந்து 101 அல்லது 112 ஐ அழையுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு, 108 ஐ அழையுங்கள்.

புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் வருதா, காற்று வருதா என்று பார்ப்பதோடு, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, சமையலறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் உள்ளதா என்றும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அப்போதே கேளுங்கள். சாவி வாங்கிய பிறகு கேட்பதைவிட அது சுலபம்.