சீனத்து வள்ளிக்கிழங்கும் சர்க்கரை வியாதியும்

சீன நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் கிழங்குகளுள் 'ஷான்யாவ்' முக்கியமானது. இச்சொல்லுக்கு 'மலை மருந்து' என்பது பொருள். இது நம் ஊர்ப் பெருவள்ளி, சிறுவள்ளி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த கொடிப் பயிர். சர்க்கரைவள்ளிக்கும் இதற்கும் உறவில்லை.

சாகுபடி

ஹெனான் மாநிலத்தின் ஜியாவ்சுவோ பகுதியில் விளையும் கிழங்குக்கு மதிப்பு அதிகம். வசந்த காலத்தில் கிழங்கின் தலைப்பகுதியை நட்டு, கொடி படரக் கொம்பு ஊன்றுகிறார்கள். இலைக் கக்கத்தில் தோன்றும் சிறு காய்க்கிழங்குகளும் விதைக்கு உதவும். கிழங்கு மெல்லிய தடிபோல் நேராகக் கீழே இறங்குவதால் மண்ணை ஆழமாகக் கொத்திவிட வேண்டும். கொடி காய்ந்த பின், இலையுதிர் கால இறுதியில், ஒடியாமல் தோண்டி எடுப்பார்கள். மருந்துக்கானதைத் தோல் சீவி உலர்த்துவார்கள்.

மருந்தில் இதன் பங்கு

உடல் இளைத்து, ஓயாத தாகமும் மிகுதியான சிறுநீரும் காணும் நோயைச் சீன வைத்தியர்கள் 'சியாவ்கே' என்றனர். நீரிழிவின் அறிகுறிகள் இதில் அடங்கும். சாங் சிசுன் (1860–1933) என்ற வைத்தியர் இதற்கு வகுத்த கஷாயத்தில் ஷான்யாவ் ஒரு லியாங் சேருகிறது. இன்றைய வழக்கில் இது சுமார் 30 கிராம். அத்துடன் புடலை இனக் கொடி ஒன்றின் வேர், கோழி இரைப்பையின் உள்தோல் முதலிய வேறு ஆறு சரக்குகளும் சேருகின்றன. எனவே, கிழங்கு மட்டுமே மருந்து அன்று. ஏழு சரக்குகளுள் அதுவும் ஒன்று.

கிழங்கில் உள்ளது என்ன?

உலர்ந்த கிழங்கில் பெரும்பகுதி மாவுச்சத்தே. இது செரித்துச் சர்க்கரையாகவே ரத்தத்தில் சேரும். பச்சைக் கிழங்கின் மாவில் ஒரு பகுதி எளிதில் செரிப்பதில்லை. வேகவைத்தால் இத்தன்மை குறைகிறது. கிழங்கின் வழவழப்பான பசையும் செரிமானத்தைத் தாமதப்படுத்தக் கூடியது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் கிழங்குச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததுண்டு. ஆனால் மனிதருக்கு இது மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ ஈடு என்று நிலைநாட்டப்படவில்லை.

கவனிக்க வேண்டியவை

1. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வள்ளிக்கிழங்கைச் சோற்றுக்குப் பதிலாகவே உண்ண வேண்டும்; சோற்றோடு கூடுதலாக அன்று.

2. மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவதைவிடத் துண்டுகளாக வேகவைத்து, காய்கறி, பருப்புடன் சேர்ப்பது மேல். மாவுக் கஞ்சி விரைவில் செரித்துச் சர்க்கரையைக் கூட்டும்.

3. உண்ட இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தால், எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்பது தெரியும்.

4. கிழங்கை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் நரம்பு கெடும்; உயிருக்கே ஆபத்து நேரலாம். கஷாயம் சேர்த்துக் கொள்வதாயின் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

வள்ளிக்கிழங்கு நல்ல உணவுப் பயிர். விளைவித்து விற்பவரும் அதை உணவென்று சொல்லியே விற்பது நலம்; சர்க்கரையைத் தீர்க்கும் மருந்தென்று சொன்னால் நம்பி வாங்குபவரின் உடல்தான் கெடும்.